வண்டியின் உருவமும் உழவரின் கணக்கும்

(செஞ்சி வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



உழவியல் கற்பிப்பவர் வண்டியைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணலாம். விளைந்த நெல் களத்தில் கிடக்கும்வரை பணமாகாது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கோ, திண்டிவனம், திருவண்ணாமலைச் சந்தைகளுக்கோ போய்ச் சேர்ந்தால்தான் பணம். உரத்திற்கும் பூச்சி மருந்திற்கும் கணக்கு எழுதும் நாம், வண்டி வாடகையைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அதுவும் சாகுபடிச் செலவில் ஒரு பகுதியே ஆகும். ஆகவே, இப்போது விற்பனைக்கு வந்துள்ள மின்சாரச் சரக்கு வண்டிகளைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

உலகம் சிரித்த வண்டி

அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் 2019 நவம்பர் 21 அன்று 'சைபர்டிரக்' என்னும் மின்சாரப் பிக்கப் வண்டியை அறிமுகம் செய்தது. அதன் படத்தை உங்களில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். வளைவு இல்லை, வண்ணப்பூச்சு இல்லை. எவர்சில்வர் தகட்டைக் கூர்கூராக மடித்து வைத்தது போன்ற உருவம். உடையாது என்று சொல்லப்பட்ட கண்ணாடி, அறிமுக மேடையிலேயே இரும்புக் குண்டு பட்டு விரிசல் விட்டது. சிறு பிள்ளை வரைந்த படம் என்று சிரித்தவர் ஒரு பக்கம். இதுவே இனி வரும் காலத்தின் வண்டி என்று புகழ்ந்தவர் மறு பக்கம். சில நாட்களிலேயே இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட முன்பதிவுகள் வந்ததாக நிறுவனத் தலைவர் அறிவித்தார்.

அந்த உருவத்திற்குக் காரணம் உண்டு. மிகக் கடினமான எஃகுத் தகடு அது. மற்ற வண்டிகளின் தகட்டைப் போல அச்சில் அழுத்தி வளைக்க இயலாது. ஆகவே தட்டையாகவே மடிக்க வேண்டியதாயிற்று. சிரித்தவர்களும் புகழ்ந்தவர்களும் உருவத்தைப் பார்த்தார்களேயன்றி, பலர் காரணத்தைக் கேட்கவில்லை.

இதில் உழவர் அறிய வேண்டியவை மூன்று.

ஒன்று: அறிவித்த நாளில் தொடக்க விலை 39,900 டாலர் என்றார்கள். 2023 நவம்பர் இறுதியில் விநியோகம் தொடங்கியபோது அறிவித்த மிகக் குறைந்த விலை 60,990 டாலர். உயர்ந்த வகை ஒரே சார்ஜில் 500 மைல் ஓடும் என்றார்கள். முதலில் வந்த வண்டிகளில் மிக அதிகம் ஓடியதே சுமார் 340 மைல்தான். விளம்பரத்தை நம்பி எவரும் கடன் பத்திரத்தில் கையெழுத்திடலாகாது.

இரண்டு: 2025 மார்ச்சில், வெளிப்புறத் தகடு ஒன்று கழன்று விழக்கூடும் என்பதால் ஏறக்குறைய 46,000 வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தார்கள். புதிய முறையில் செய்த பொருளில் முதல் சில ஆண்டுகள் குறை தோன்றுவது இயல்பு. அருகில் பழுது பார்ப்போர் உண்டா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

மூன்று: அந்த வண்டியின் பக்கச் சுவர்கள் முன்புறம் சரிந்து உயர்ந்திருப்பதால், பக்கத்தில் நின்று கைநீட்டிப் பொருளை எடுக்க இயலவில்லை என்று வேலைக்காரர்கள் குறை கூறினர். இது நமக்கு மிகவும் பொருந்தும். மூட்டை ஏற்றும் நமக்கு மூன்று பக்கமும் இறங்கும் கதவும், தோள் உயரத்திற்கு மிகாத தளமும் இன்றியமையாதவை.

சிரிப்பு நமக்குப் புதிதல்ல

கட்டை வண்டிக்குப் பதில் டயர் வண்டி வந்த காலத்தை உங்கள் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பஞ்சர் ஆனால் யார் ஒட்டுவது, இறக்கத்தில் மாடு தாங்குமா என்றெல்லாம் தயங்கியிருப்பார்கள். ஆனால் அதே இணை மாடு கூடுதல் பாரம் இழுத்தது. தயக்கம் தானே நீங்கியது.

2005-இல் டாடா ஏஸ் வந்தபோது, இரண்டு சிலிண்டரும் 16 குதிரைத்திறனும் கொண்ட இந்தச் சிறு நான்கு சக்கர வண்டி எதற்கு உதவும் என்று ஐயுற்றவர் உண்டு. இன்று அதைக் 'குட்டி யானை' என்று அழைக்காத ஊர் இல்லை. இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டவை விற்றுள்ளன.

நம் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். இராஜகிரி அடிவாரத்தில் உள்ள களஞ்சியத்தில் கல்யாண மகாலின் அழகு இல்லை. தடித்த சுவரும் வளைந்த கூரையுமே உண்டு. 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகை நடந்த கோட்டையில் களஞ்சியத்தின் வேலை என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. செய்யும் வேலைக்கு ஏற்றதே நல்ல உருவம்.

நம் ஊருக்கான கணக்கு

சைபர்டிரக் நம் ஊர் வேலைக்கு உரிய வண்டி அல்ல. நமக்கு ஏற்ற சிறு மின்சார வண்டிகள் இந்தியாவிலேயே செய்யப்படுகின்றன. 2022-இல் ஏஸ் வண்டியின் மின்சார வகை வந்தது. 2025 ஜூனில் வந்த ஏஸ் புரோ வகையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சுமை 750 கிலோ, அதாவது 75 கிலோ மூட்டை பத்து. பேட்டரி 14.4 யூனிட் கொள்ளளவு. ஒரே சார்ஜில் 155 கி.மீ. என்பது சோதனையில் கண்ட அளவு. பாரம், மேடு, வெயில் எல்லாம் சேர்ந்தால் குறையும், 100 கி.மீ. என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. செஞ்சியிலிருந்து திண்டிவனம் போய்வர ஏறக்குறைய 56 கி.மீ. ஆகவே தூரம் ஒரு தடை அல்ல. ஆனால் ஏக்கருக்கு 30 மூட்டை விளைந்தால் மூன்று நடை ஓட வேண்டும். அப்போது 12 கி.மீ. தொலைவில் உள்ள விற்பனைக் கூடத்திற்கே 72 கி.மீ. ஆகிவிடும்.

அறிமுக விலை பெட்ரோல் வகைக்கு 3.99 இலட்சம், மின்சார வகைக்கு 6.50 இலட்சம். வேறுபாடு சுமார் 2.5 இலட்சம். இது எத்தனை ஆண்டில் திரும்பும்?

பேட்டரி நிரப்பும்போது சிறிது மின்சாரம் வீணாவதால் 17 யூனிட் எனக் கொள்வோம். யூனிட் 8 ரூபாய் என்றால் 100 கி.மீ.க்கு 136 ரூபாய். கி.மீ.க்கு ஒன்றரை ரூபாய் என்று தாராளமாகவே வைப்போம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 20 கி.மீ. ஓடி, லிட்டர் 100 ரூபாய் என்றால் கி.மீ.க்கு 5 ரூபாய். மிச்சம் மூன்றரை ரூபாய்.

நாள்தோறும் 60 கி.மீ. வீதம் ஆண்டில் 300 நாள் ஓடினால் 18,000 கி.மீ.; மிச்சம் 63,000 ரூபாய். நான்கு ஆண்டில் வேறுபாடு திரும்பிவிடும். அறுவடைக் காலத்தில் மட்டும் 60 நாள் ஓடினால் 3,600 கி.மீ.; மிச்சம் 12,600 ரூபாய். திரும்ப இருபது ஆண்டு ஆகும். அதற்குள் பேட்டரியின் ஆயுளே முடிந்துவிடக் கூடும். உங்கள் மின் கட்டணத்தையும் இன்றைய விலையையும் போட்டு இக்கணக்கை வீட்டில் நீங்களே செய்து பாருங்கள்.

முடிவு தெளிவு. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர், தம் நெல்லை மட்டும் நம்பி இவ்வண்டியை வாங்குவது இலாபமாகாது. பால், காய்கறி, பூ என்று அன்றாடம் ஏற்றுவோருக்கும், பத்துப் பேர் சேர்ந்த குழுவுக்கும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திற்கும் இது ஏற்றது. ஆளுக்கொரு வண்டிக் கடன் வாங்குவதைவிட, குழுவாக ஒரு வண்டியை ஆண்டு முழுதும் ஓட்டுவதே சிறந்தது.

வாங்குமுன்னும் வாங்கியபின்னும்

1. பேட்டரிக்கு எத்தனை ஆண்டு, எத்தனை கி.மீ. உறுதி என்பதையும், புதுப் பேட்டரியின் விலையையும் எழுத்தில் பெறுங்கள்.

2. உங்கள் பாரத்தை ஏற்றி, உங்கள் ஊர்ப் பாதையிலேயே ஒரு நாள் ஓட்டிப் பார்த்த பின்னரே முன்பணம் கட்டுங்கள்.

3. பம்புசெட்டிற்கான இலவச மின் இணைப்பில் வண்டியைச் சார்ஜ் செய்யாதீர்கள். அவ்விணைப்பு பாசனத்திற்கே உரியது. வேறு வேலைக்குப் பயன்படுத்துவது விதிமீறல்.

4. தனிக் கம்பி, சரியான எர்த், கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஆகியவற்றை உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். நனைந்த கையால் பிளக்கைத் தொடாதீர்கள்.

5. வெயிலில் ஓடி வந்த வண்டியைச் சற்று நேரம் நிழலில் ஆறவிட்ட பின் சார்ஜ் போடுங்கள். வேலையற்ற மாதங்களில் பேட்டரியை அடியோடு தீரவிடாமல், பாதியளவு வைத்து நிறுத்துங்கள்.

6. குறித்த சுமைக்கு மேல் ஏற்றாதீர்கள். மோட்டார் இழுத்துவிடும், தாங்க வேண்டியவை பிரேக்கும் டயருமே.

7. இவ்வண்டிக்குச் சத்தம் குறைவு. களத்து மேட்டிலும் நெல் காயும் சாலையிலும் குழந்தைகளும் ஆடுமாடுகளும் விலகாமல் நிற்கக்கூடும். ஒலி எழுப்பி மெதுவாக ஓட்டுங்கள்.

உழவர் பெருமக்களே, புதிய வண்டியைக் கண்டு சிரிப்பதிலும் தவறில்லை, வியப்பதிலும் தவறில்லை. ஆனால் கடன் தவணை சிரிப்பையும் வியப்பையும் பார்த்து வருவதில்லை. மாதந்தோறும் தேதி தவறாமல் வரும். ஆகவே கடந்த ஓராண்டில் நீங்கள் கொடுத்த வண்டி வாடகை முழுவதையும் இந்த வாரமே ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அக்கம்பக்கத்துப் பத்துக் குடும்பங்களின் தொகையையும் அதனருகில் எழுதுங்கள். வண்டி வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தத் தாளே உங்களுக்குச் சொல்லிவிடும்.