விழித்திரைக்குப் பின்னால் இருப்பவர்கள்

(கிளைச் சங்கத்தின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கண் பாதுகாப்பு பற்றிப் பேசுங்கோ மாமி" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் இல்லை. கணவரின் உத்தியோக மாற்றலில் வட இந்தியாவுக்கு வந்து, அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் விழித்திரை ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, 29 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அப்படிப்பட்ட இடத்தில் யார் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், அதனால் நமக்கு என்ன பிரயோஜனம் என்பதைச் சொல்கிறேன்.

விழித்திரை என்பது கண்ணின் உள்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். கனம் சுமார் கால் மில்லிமீட்டர். கரு வளரும்போது மூளையிலிருந்தே முளைத்து வருவதால், இதை மூளையின் ஒரு பகுதி என்றே சொல்லலாம். உடம்பில் கத்தி வைக்காமல், ரத்தக் குழாய்களை நேருக்கு நேர் பார்க்கக்கூடிய இடமும் இதுதான். 1851-ல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைப் பற்றி வெளியிட்டார். அன்றிலிருந்து டாக்டர்கள் இந்த ஜன்னல் வழியாகச் சர்க்கரை நோயையும் ரத்தக் கொதிப்பையும் பார்த்து வருகிறார்கள். விழித்திரை நோயையும் மூளை ரத்தக் குழாய் நோயையும் ஒரே ஆய்வகத்தில் வைத்து ஆராய்வதற்குக் காரணமும் இதுவே.

ஆய்வகம் என்றதும் வெள்ளைக் கோட்டுப் பேராசிரியர் ஒருவர்தான் நம் மனக்கண்ணில் வருவார். அவர் பாதி நாள் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார். மைக்ராஸ்கோப் முன் உட்காருவது பி.எச்.டி. மாணவர்களும், பட்டம் முடித்து மூன்று நான்கு வருஷ ஒப்பந்தத்தில் வந்திருக்கும் இளம் விஞ்ஞானிகளும்தான். அப்புறம் என்னைப் போன்ற டெக்னீஷியன்கள். கணக்கு பார்க்கும் புள்ளியியல்காரர் ஒருவர். எலிகளைப் பராமரிக்கும் ஊழியர் ஒருவர். எங்கள் ஊழியர் தீபாவளியன்றும் காலையில் வந்து, தண்ணீர் ஊற்றி, 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்ற ஒழுங்கு தவறவில்லையே என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அந்த ஒழுங்கு தவறினால் விழித்திரை பற்றிய எந்த முடிவையும் நம்ப முடியாது. கட்டுரையில் அவர் பெயர் வராது.

இளைஞர்களைப் பற்றி இரண்டு உதாரணம் சொல்ல வேண்டும். இன்று விழித்திரை டாக்டரிடம் போனால், கையில் சாய ஊசி போட்டுக் கண்ணைப் படமெடுக்கிறார்களே, அதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர்கள் இருவர், நோவோட்னியும் ஆல்விஸும். யார் உடம்பில் முதலில் ஊசி போடுவது என்று காசு சுண்டிப் பார்த்தார்களாம். தோற்றது ஆல்விஸ். 1961-ல் அந்தக் கட்டுரை வெளியானது. இரண்டாவது, ஊசியே இல்லாமல் ஒளியை வைத்து விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன். அது 1991-ல் பாஸ்டன் பக்கம் எம்.ஐ.டி.யில் வெளிவந்தது. கட்டுரையின் முதல் பெயர் டேவிட் ஹுவாங். அப்போது அவரும் ஒரு மாணவர். இன்று நம்மில் எத்தனையோ பேருடைய பார்வையைக் காப்பாற்றும் இரண்டு கருவிகள், உத்தியோகம் என்று ஒன்று கிடைக்காத பிள்ளைகள் கையிலிருந்து வந்தவை.

"எலியைக் கொல்வது பாவமில்லையா?" என்று என் மாமியார் கேட்பார். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். நெறிமுறைக் குழுவின் அனுமதியில்லாமல் ஒரு எலியைக்கூடத் தொட முடியாது. எத்தனை எலி, ஏன் அத்தனை, வலி தெரியாமல் எப்படி, எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும். தட்டில் வளர்க்கும் செல்களில் ரத்த ஓட்டம் கிடையாது. ஓடும் ரத்தம் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அங்கே பார்க்க முடியாது. மாமியார் இதை முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. என் மனசும் முழுவதும் சமாதானமாகவில்லை. அதனால்தான் ஒரு எலியையும் நாங்கள் வீணாக்கவில்லை.

எலியின் கண் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான். அதிலிருந்து விழித்திரையைக் கிழியாமல் எடுத்து, நாலு பக்கமும் வெட்டிக் கண்ணாடியில் விரித்தால், நாலிதழ்ப் பூப்போல இருக்கும். அது கைக்கு வரப் பல மாதம் பிடிக்கும். இந்த வேலையால் என்ன கிடைக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். விழித்திரையின் சிரை அடைத்துக்கொள்ளும் நோய் நம் பெரியவர்கள் பலருக்கு வருகிறது. எலிக்கு ஒரு சாயத்தை ஏற்றி, லேசரைச் சிரை மேல் காட்டினால் அதே அடைப்பு உண்டாகும். 2020-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று, அடைப்பு வந்ததும் ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களில் காஸ்பேஸ்-9 என்ற என்சைம் கிளம்புவதையும், பக்கத்து நரம்பு செல்கள் கெட அதுவே ஒரு காரணம் என்பதையும் காட்டியது. அதைத் தடுக்கும் சொட்டு மருந்து எலிகளில் பலன் தந்தது. எலியிலிருந்து மனிதருக்கு வருவது நீண்ட பாதை. ஆனால் பாதை தொடங்குவது அங்கேதான்.

இனி நம் சமூகத்திடம் ஒரு விண்ணப்பம். வரன் பார்க்கும்போது "பையன் ரிசர்ச் பண்றான்" என்றால், "வேலை எப்போ கிடைக்கும்?" என்று கேட்டு ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறோம். பெண் பி.எச்.டி. என்றால் "வயசாயிடுத்தே" என்கிறோம். உதவித்தொகை ஆறு மாதம் தாமதமாக வந்தும், ராத்திரி பத்து மணிக்கு எலிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பிள்ளைகளை மரியாதையோடு பாருங்கள். சாயத்தையும் ஸ்கேனையும் கண்டுபிடித்தவர்கள் இந்த வயசுக்காரர்கள்தான்.

கடைசியாக, உங்கள் கண்ணுக்காக மூன்று விஷயம்.

முதலாவது, சர்க்கரை உள்ளவர்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். "எனக்கு நன்னாத் தெரியறதே" என்று இருந்துவிட வேண்டாம். விழித்திரை கெட ஆரம்பிக்கும்போது பார்வை நன்றாகவே இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடைப் பரிசோதனை இதற்குப் போதாது.

இரண்டாவது, ரொம்ப முக்கியம். வலியே இல்லாமல் திடீரென்று ஒரு கண்ணில் பார்வை போனால், அது விழித்திரைத் தமனி அடைப்பாக இருக்கலாம். 2021-ல் அமெரிக்க இருதய சங்கம் இதைப் பக்கவாதத்தின் ஒரு வகை என்றே அறிவித்தது. "காத்தாலே பார்த்துக்கலாம்", "ஞாயித்துக்கிழமை டாக்டர் இருக்க மாட்டார்" என்று படுத்துவிடாதீர்கள். உடனே பக்கவாத சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சில நிமிஷத்தில் பார்வை திரும்பி வந்துவிட்டாலும் போங்கள். அடுத்த கட்டி மூளைக்குப் போகலாம். தனியாக இருக்கும் பெரியவர்கள் இன்றே பிள்ளைகளிடமும் பக்கத்து வீட்டிலும் இதைச் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, கண்தானம். கார்னியா இன்னொருவருக்குப் பார்வை தருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். விழித்திரையை மாற்றிப் பொருத்த முடியாது. ஆனால் குடும்பத்தார் சம்மதித்தால் அது ஆராய்ச்சிக்கு உதவும். மனித விழித்திரை ஒன்று கிடைத்த நாளில் எங்கள் ஆய்வகத்தில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். எலியில் கண்டது மனிதரிலும் உண்மையா என்று பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. இதைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். துக்க நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.