ஒற்றையா, இரட்டையா?

வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் போதும், நான்கு வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தி, "மாமாவுக்கு ஒண்ணு ரெண்டு சொல்லிக் காட்டு" என்கிறோம். பிள்ளையும் மூச்சுவிடாமல் ஐம்பதுவரை ஒப்பிக்கும். அதே பிள்ளையிடம், "டப்பாவிலிருந்து ஆறு முறுக்கு எடுத்து வை" என்று சொல்லிப் பாருங்கள். கைக்கு வந்ததை அள்ளி வைத்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு.

எண்ணும்போது ஒரு பொருளையும் விடக்கூடாது, ஒன்றையே இரண்டு முறை தொடவும் கூடாது. கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பதும் புரிந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு இது லேசில் பிடிபடாது. ஐந்து கரண்டிகளை எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதட்டாதீர்கள்.

இதைப் பழக்குவதற்குப் பரணில் கிடக்கும் பல்லாங்குழியே போதும். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து என்றால் எழுபது. அள்ளிய முத்தைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். இரண்டு விழுந்துவிட்டால் எதிராளி விடமாட்டார்! ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம். மூன்று கிடக்கும் குழியைப் பார்த்ததும் "இன்னும் ஒண்ணு விழுந்தா பசு" என்று பிள்ளை காத்திருக்கிறதே, அதுதான் கூட்டல். ஆட்டம் முடிந்ததும் வென்ற முத்துகளை ஐந்தைந்தாகக் குழியில் நிரப்பும்போது, வகுத்தலும் மீதியும் தானாக வந்துவிடும். ஊருக்கு ஊர் விதி மாறும். உங்கள் வீட்டுப் பாட்டி சொல்வதே சட்டம். நான்கு வயதுக்கு நான்கைந்து குழியும் குழிக்கு இரண்டு முத்தும் போதும். பலகை இல்லையென்றால் முட்டை அட்டை இருக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் மட்டும் முத்தாகப் புளியங்கொட்டை வேண்டாம். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள்.

இன்னும் எளிதானது 'ஒற்றையா, இரட்டையா'. கைக்குள் சில முத்துகளை மூடிக்கொண்டு கேளுங்கள். பிறகு சோடி சோடியாகப் பிரித்து வைத்தால், ஒன்று தனியாக நிற்கிறதா என்று பிள்ளையே பார்த்துச் சொல்லிவிடும்.

கட்டத்தில் காய் நகர்த்தும் ஆட்டத்தைப் பற்றி அமெரிக்காவில் ரமணி, சீக்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்று முதல் பத்துவரை எண் எழுதிய நேர்வரிசைக் கட்டத்தில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை விளையாட வைத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கே தடவை, ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அவர்களின் எண்ணறிவு கூடியது. எண்ணுக்குப் பதில் நிறம் தீட்டிய கட்டத்தில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. சூட்சுமம் ஒன்றுதான்: ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் காய் இரண்டு கட்டம் போக வேண்டுமென்றால் "ஒன்று, இரண்டு" என்று சொல்லாமல், கட்டத்தில் உள்ளபடி "ஆறு, ஏழு" என்று சொல்ல வேண்டும். சாக்பீஸால் தரையில் பத்துக் கட்டம் போட எத்தனை நேரம் ஆகும்?

எழுத்துப் பயிற்சி நோட்டை வாங்கிக் கொடுத்து, "நூறுவரை எழுது" என்று உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விரல் பழகாத வயதில் அது தண்டனைதான். அடுத்த முறை புளியைக் கொட்டை நீக்கும்போது, எழுபது கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். அந்த எழுபதையும் பிள்ளையே எண்ணிப் போடட்டும்.