பழைய புத்தகக் கடையில் தமிழ்



விலை கொடுத்து வாங்கிய பொருள் எப்போது வாங்கியவர்க்கு உரியதாகிறது? நிலத்துக்கும் நகைக்கும் விடை எளிது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூலுக்கு அவ்வளவு எளிதன்று. காசு கைமாறியவுடன் தாள்தான் சொந்தமாகிறது. எப்போது பிறந்தது, எங்கே அச்சாயிற்று, எவர் கையில் இருந்தது என்று கேட்டறிந்த பின்னரே நூல் சொந்தமாகிறது. வாங்குவது பாதி, ஆராய்வது மறுபாதி. அம்மறுபாதியைப் பற்றியதே இவ்வுரை.

சென்னையில் பழம்புத்தகம் என்றவுடன் மூத்தோர் நினைவுக்கு வருவது மூர் மார்க்கெட். 1900இல் திறக்கப்பெற்று, சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே செந்நிறக் கட்டடமாக நின்ற அவ்வங்காடி, 1985 மே மாதத்தில் தீக்கிரையாயிற்று. இன்று அவ்விடத்தில் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. கடைக்காரர் பலர் அல்லிக்குளம் வளாகத்திற்குப் பெயர்ந்தனர். கல்லூரி மாணவர் பாடநூல் தேடிப் போன அக்கடைகளில்தான், நூலகங்கள் வாங்க மறந்த நூல்களும் குவிந்து கிடந்தன. தாத்தா சேர்த்த நூல்களைப் பேரன் எடைக்குப் போட, எடைக்குப் போட்டதை இன்னொருவர் தேடி எடுத்த இடம் அது.

அவ்வாறு தேடி எடுத்தவர்களுள் தலையாயவர் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். பேராசிரியர் அல்லர், பெருஞ்செல்வத்தைக் கொட்டி நூல் வாங்கியவரும் அல்லர். நூல்களோடு நின்றுவிடாமல் பழைய இதழ்கள், நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள் என்று பிறர் குப்பை என ஒதுக்கியவற்றையும் சேர்த்தார். ஆய்வாளர்கள் அவரைத் தேடிக் கோட்டையூருக்குச் சென்றனர். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. ஆயினும் அது கடல் கடந்து போகவில்லை. 1994இல் சென்னையிலேயே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் தோன்றிற்று. இன்று அது தரமணியில் இயங்குகிறது.

அத்தகையோர் சேர்த்திராவிடில் எவை அழிந்திருக்கும்? சங்க நூல்கள் அழிந்திரா. அவற்றைக் காக்கப் பெரியோர் இருந்தனர். அழிந்திருக்கக் கூடியவை, சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற சிறு பாட்டுப் புத்தகங்கள். ஊரில் கொலை நடந்தால் கொலைச்சிந்து. வெள்ளம் வந்தால் வெள்ளச்சிந்து. ரயில் கவிழ்ந்தால் அதற்கும் ஒரு பாட்டு. எழுதியவர்கள் புலவர் வரிசையில் வைக்கப்படாதவர்கள்; படித்தவர்கள் நூலகத்தில் கால் வைக்காதவர்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' 2004இல் வெளிவந்தபோது, இலக்கிய வரலாறு தெருவோரத்தையும் திரும்பிப் பார்த்தது. பார்ப்பதற்குத் தாள் மிஞ்சியிருந்தது என்பதே அதன் அடிப்படை.

இனி, அத்தகைய சிறு புத்தகம் ஒன்று ஒருவர் கைக்குக் கிடைத்ததாகக் கொள்வோம். முகப்பில் 'பிலவ வருஷம் ஆவணி மாதம்' என்றிருக்கிறது. விலை அணாவில் இருக்கிறது. ஆங்கில ஆண்டு இல்லை. தமிழ் ஆண்டு அறுபதுக்கு ஒருமுறை சுழல்வது. ஆகவே அது 1841ஆக இருக்கலாம், 1901ஆக இருக்கலாம், 1961ஆகவும் இருக்கலாம். நூற்றிருபது ஆண்டு இடைவெளியில் வாங்கியவர் தடுமாறி நிற்கிறார்.

இங்கே விலை துணைக்கு வருகிறது. 1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது. 1961இல் அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் நயா பைசாவில் விலை போட்டிருப்பார்கள். ஆகவே பிற்பட்ட ஆண்டு விலகுகிறது. அடுத்துத் தாள். 1841இல் வழங்கிய தாள் கந்தல் துணிக்கூழால் ஆனது, நெடுங்காலம் வலுவிழக்காதது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய மரக்கூழ்த் தாளோ பழுப்பேறி, மடித்தால் அப்பளம்போல் நொறுங்குவது. கையிலுள்ளது நொறுங்குகிறதெனில் 1901 என்னும் முடிவு வலுப்பெறுகிறது.

வலுப்பெறுகிறதே தவிர, உறுதியாகிவிடவில்லை. உறுதி செய்ய ஆவணம் வேண்டும். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டப்படி, மாகாணத்தில் அச்சான நூல்களின் பட்டியல் மூன்று மாதத்திற்கு ஒருமுறை அரசிதழோடு வெளியிடப்பெற்றது. நூற்பெயர், ஆசிரியர், அச்சுக்கூடம், பக்கம், விலை ஆகியவற்றோடு எத்தனை படிகள் அச்சாயின என்பதும் அதில் இடம்பெற்றது. ஆவணி என்பதால் 1901இன் மூன்றாம் காலாண்டுப் பட்டியலை முதலில் பார்க்க வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அத்தகைய தேடலுக்குரிய இடம். பதிவுக்குப் போகாத நூல்களும் உண்டு. ஆதலால் பட்டியலில் இல்லையென்பதாலேயே நூல் பொய்யாகிவிடாது.

எழுத்து வடிவமும் சான்று கூறும். ஆனால் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். லை, ணை, றா முதலிய எழுத்துகளின் இன்றைய வடிவத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. புதிய வடிவம் கண்டவுடன் நூல் அதற்குப் பிற்பட்டது என்று முடிவு கட்டினால், 1935 முதலே அவ்வடிவத்தைக் கையாண்ட பெரியாரின் 'குடி அரசு' இதழ் அம்முடிவைப் பொய்யாக்கிவிடும். பழைய அச்செழுத்தை வைத்துக்கொண்டு பின்னரும் ஓட்டிய அச்சகங்களும் உண்டு. ஒரு சான்று வழிகாட்டும். பல சான்றுகள் சேர்ந்தே தீர்ப்புக் கூறும்.

வாங்கியவரை வீழ்த்தும் ஆசைகள் இரண்டு. ஒன்று, தம் நூலை உள்ளதினும் பழமையாக்கிப் பேசும் ஆசை. 1841 என்று சொன்னால் கேட்போர் வியப்பர். 1901 என்றால் அவ்வளவு வியப்பில்லை. வியப்புக்காக அறுபது ஆண்டைக் கூட்டிச் சொல்பவர் நூலையும் இழக்கிறார், நேர்மையையும் இழக்கிறார். மற்றொன்று, நூலைப் புதிதாக்கும் ஆசை. மேலட்டை கிழிந்திருக்கிறதென்று அதை எறிந்துவிட்டு பைண்டு செய்கிறார்கள். ஓரங்களை வெட்டிச் சீராக்குகிறார்கள். விலையும் ஆண்டும் அச்சுக்கூடமும் பெரும்பாலும் அந்த அட்டையில்தான் இருந்தன. முன்பு அதை வைத்திருந்தவரின் கையெழுத்தும், பாட்டுக்கு அவர் எழுதிய ராகக் குறிப்பும் வெட்டிய ஓரத்தில்தான் இருந்தன. நூல் அழகாகிவிடும்; ஊமையும் ஆகிவிடும்.

மூன்றாவதாக ஒரு குறையும் உண்டு. அரிய நூலைக் கண்டெடுத்தவர் அதைப் பெட்டியில் பூட்டி வைப்பது. பூட்டிய பெட்டிக்குள் கரையான் போகும். வாசகர் போக முடியாது. ஒளிப்படம் எடுத்து எண்ணிம நூலகங்களில் சேர்க்கும் வசதி வந்துவிட்ட இக்காலத்தில், நூல் ஒருவரிடமும் அதன் சொற்கள் எல்லாரிடமும் இருக்க இயலும்.

கவிஞர் பெருமக்களே, பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், மன்றங்கள் வெளியிடும் கவியரங்கத் தொகுப்புகளைச் சற்றே புரட்டிப் பாருங்கள். தலைவர் படம் இருக்கும், வாழ்த்துரைகள் இருக்கும், நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். அச்சான ஆண்டு பல தொகுப்புகளில் இராது. 'ஞாயிறு மாலை ஐந்து மணி' என்றிருக்கும். எந்த ஞாயிறு என்றிராது. குஜிலிப் புலவர்கள் பிலவ என்றாவது போட்டார்கள்.

அறுபது ஆண்டு கழித்து, ஏதோவொரு நடைபாதைக் கடையில் ஒருவர் குனிந்து, இம்மன்றத்தின் மலரைத் தூசி தட்டி எடுக்கக்கூடும். அவர் விலை கேட்பார். பின்பு ஆண்டைத் தேடுவார். அவருக்கு விடை சொல்ல இங்கு அமர்ந்திருப்போர் எவரும் அருகில் இருக்கமாட்டார்கள். முகப்பில் அச்சிட்ட நான்கு இலக்கங்களே சொல்ல வேண்டும். அவற்றை மறவாது அச்சிடுக என்று வேண்டி இவ்வுரை நிறைவு பெறுகிறது.