போன தடவை ஒன்றுமில்லை என்றார்களே!

(சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை நடைபெற்ற மாதர் கூட்டத்தில், நமது சங்கத் தோழரும் ஜொகூர் தோட்டமொன்றின் கிராணியுமான ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு. தோட்டத்து வாசகர்களும் படித்துப் பயன்பெற வேண்டுமென்று இங்கே வெளியிடுகிறோம்.)



பெண்களுக்கு வரும் புற்றுநோயைப் பற்றிப் பேச ஒரு தோட்டக் கிராணியை ஏன் அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் டாக்டர் அல்லன். தமிழ்ப் பள்ளியில் படித்து, செக்ரோல் புத்தகத்தில் பேர் எழுதிப் பிழைக்கிறவன். தினமும் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்துக் குறிப்பதே என் வேலை. அந்த வேலையை என் சொந்தக் குடும்பத்தில் செய்யத் தவறிவிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பெரியம்மா எங்கள் தோட்டத்தில் பால்வெட்டுக் குடும்பத்தில் பிறந்தவர். மணமாகிச் சிங்கப்பூருக்கு வந்து, ஈசூனில் குடியிருந்து, சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவி மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். அவருக்கு 51 வயதானபோது பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் வற்புறுத்தி மார்பக எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனார். மாமோகிராம் என்கிறார்களே, அதுதான். சில நாளில் முடிவு கடிதமாக வந்தது. அன்று நான் அவர் வீட்டில் இருந்தேன். நான்தான் படித்துச் சொன்னேன்: "ஒன்றுமில்லை பெரியம்மா. இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்."

முதல் பாதி அவர் காதில் விழுந்தது. இரண்டாம் பாதியை அவரும் மறந்தார், நானும் மறந்தேன். இரண்டு வருஷம் கழித்து மகள் நினைவூட்டியபோது, "அதான் போன தடவை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களே, சும்மா சும்மா எதற்கு?" என்று சிரித்தாராம். இப்படியே ஆறு வருஷம் ஓடிற்று. பிறகு ஒருநாள் குளிக்கையில் கைக்குக் கட்டி தட்டுப்பட்டது. மகள் கல்யாணம் நெருங்கிக் கொண்டிருந்தது. கல்யாண வீட்டில் கலக்கம் வேண்டாமென்று நாலு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. டாக்டரிடம் போனபோது நோய் எலும்புக்குப் போயிருந்தது. 59ஆம் வயதில் காலமானார். காரியம் முடிந்து அவர் சாமான்களை ஒழுங்கு செய்தபோது, அடையாளக் கார்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னில் அந்தப் பழைய கடிதம் மடிப்புக் குலையாமல் இருந்தது. அதன் கீழே, மறுபடி வரச் சொல்லி வந்த இரண்டு கடிதங்கள் பிரிக்கப்படாமலே கிடந்தன.

தாய்மார்களே, "ஒன்றுமில்லை" என்று அந்தக் கடிதம் சொன்னது பொய்யன்று. அந்த நாளில் ஒன்றும் காணப்படவில்லை, அவ்வளவுதான். வாழ்நாள் முழுமைக்கும் அது உத்தரவாதமாகாது. இன்று பெரட்டுக்கு வந்தவர் நாளைக்கும் வந்துவிட்டதாக நான் செக்ரோலில் எழுத முடியுமா?

ரப்பர் மரத்தோடு பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வெள்ளை வேர் நோய் உங்களுக்குத் தெரியும். மேலே தழை பச்சைப்பசேலென்று இருக்கும். பாலும் இறங்கும். அடியில் வேரைப் பூசணம் தின்றுகொண்டிருக்கும். இலை மஞ்சளாகிக் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் மரம் கைதவறிப் போயிருக்கும். அதனால்தான் இளமரக் காட்டில் சில மாதங்களுக்கு ஒரு சுற்று ஆள் விட்டு, அடிமண்ணை விலக்கி வேர்க்கழுத்தைப் பார்க்கிறோம். போன சுற்றில் சுத்தமாக இருந்ததென்று அடுத்த சுற்றை எந்தத் துரையும் நிறுத்துவதில்லை. மரத்துக்குச் செய்கிற காவலை நம் பெண்களின் உடம்புக்கு நாம் செய்வதில்லை.

சிங்கப்பூரில் இந்தக் காவலுக்கு வசதி இல்லாமலில்லை. இந்நாட்டில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று 1968 முதல் முறையாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப் புத்தகத்தைத் தொடங்கியவர் நம்மவர், பேராசிரியர் க. சண்முகரத்தினம். 1921இல் சிங்கப்பூரில் பிறந்து 2018இல் மறைந்த நோய்க்கூறு நிபுணர் அவர். பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயே முதலிடத்தில் நிற்பதை அந்தக் கணக்கே காட்டுகிறது. ஏறக்குறைய 13 பெண்களில் ஒருவருக்கு 75 வயதுக்குள் அது வருகிறது. இந்த மண்டபத்தில் எத்தனை வரிசை இருக்கிறதென்று எண்ணிப் பாருங்கள்.

1994இல் இங்கே ஒரு பெரிய சோதனை முயற்சி தொடங்கினார்கள். 50 முதல் 64 வயதுவரை உள்ள பெண்களை மார்பக எக்ஸ்ரேக்கு அழைத்தார்கள். வந்தவர்கள் சுமார் 28,000 பேர். அழைக்கப்பட்டவர்களில் அது நூற்றுக்கு 42 பேர்தான். ஆனால் வந்தவர்களிடம் கண்டுபிடிக்கப்பட்ட நோய் பெரும்பாலும் ஆரம்பக் கட்டத்திலேயே இருந்தது. அந்த அனுபவத்தின் பேரில் 2002இல் நாடு முழுவதற்குமான மார்பகப் பரிசோதனைத் திட்டமும், 2004இல் கருப்பை வாய்ப் பரிசோதனைத் திட்டமும் ஏற்பட்டன. இத்தனைக்குப் பிறகும் 2022இல் 50 முதல் 69 வயதுப் பெண்களில், இரண்டு வருஷத்துக்குள் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்கள் பத்துக்கு நாலு பேர்கூட இல்லை. கதவு திறந்திருக்கிறது, உள்ளே போக ஆளில்லை.

யார் எப்போது போகவேண்டுமென்பதை மனத்தில் குறித்துக் கொள்ளுங்கள். 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மார்பக எக்ஸ்ரே எடுக்கவேண்டும். 40 முதல் 49 வயதுவரை உள்ளவர்கள் டாக்டரிடம் கலந்து பேசி, வேண்டுமானால் வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். கருப்பை வாய்ப் பரிசோதனை, தாம்பத்திய உறவு கொண்ட பெண்களுக்குரியது. 25 முதல் 29 வயதுவரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பேப் பரிசோதனை. 30 வயதிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ நோய் வந்திருந்தால் வயதை எண்ணிக் காத்திருக்காமல் முன்னதாகவே டாக்டரைக் கேளுங்கள்.

எச்.பி.வி. என்பது ஒரு கிருமி. கருப்பை வாய்ப் புற்றுநோய் அநேகமாக முழுவதும் அதனால் வருவது. சிலர் இதை நடத்தைக் குறையோடு முடிச்சுப் போட்டுப் பேசுகிறார்கள். அது அறியாமை. மணவாழ்க்கை நடத்துகிற ஆண் பெண்களில் பெரும்பாலோரை எப்போதாவது தொட்டுவிட்டுப் போகும் சாதாரணக் கிருமி அது. பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அடங்காமல் தங்கிவிட்டால்தான் கெடுதல். அப்போதும் அது புற்றாக மாறப் பொதுவாக 15, 20 வருஷம் பிடிக்கிறது. அத்தனை வருஷ அவகாசத்தை நோய் நமக்குத் தருகிறது. நாம்தான் பயன்படுத்திக் கொள்வதில்லை.

நம் முன்னோர் ஊரிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000 முதல் 2003வரை, 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பரிசோதித்தார்கள். பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. பயிற்சி பெற்ற நர்சுகள், வினிகரில் இருக்கிற அமிலத்தைத் தண்ணீரில் கலந்து கருப்பை வாயில் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்த்தார்கள். சுமார் 49,000 பேரில் 31,000 பேர் வந்தார்கள். அந்த முடிவு 2007இல் வெளியாயிற்று. பரிசோதனை நடந்த கிராமங்களில், நடக்காத கிராமங்களைவிட, அந்த நோயால் ஏற்படும் சாவு நூற்றுக்கு 35 பங்கு குறைந்திருந்தது. கூலி வேலை செய்யும் பெண்களின் ஊர்கள் அவை. அவர்களால் முடிந்தது, தேக்காவுக்குப் பஸ்ஸில் வந்து மல்லிகைப் பூவும் மீனும் வாங்கிப் போகிற நம்மால் முடியாதா?

நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். "நோவு ஒன்றுமில்லையே, எதற்குப் போவது?" என்பது முதல் காரணம். நோவு இல்லாத நாளில் போவதற்குத்தான் இந்தப் பரிசோதனை. நோவோ கட்டியோ இரத்தப் போக்கோ இருந்தால் தவணைத் தேதிக்குக் காத்திராமல் அன்றே டாக்டரிடம் போகவேண்டும். போன மாதம்தான் படம் எடுத்தேன் என்றாலும் போகவேண்டும். எந்தப் படமும் சில சமயம் தவறவிடும்.

இரண்டாவது, வெட்கம். மார்பக எக்ஸ்ரே எடுப்பவர்கள் பெண் ஊழியர்கள். மார்பை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்துச் சில விநாடி அழுத்துவார்கள். கொஞ்சம் வலிக்கும், உடனே விட்டுவிடும். மாதவிலக்குக்கு முந்திய வாரத்தைத் தவிர்த்தால் வலி குறையும். அன்றைக்கு மட்டும் பவுடர் பூசாமல் போங்கள். படத்தில் அது புள்ளியாகத் தெரியக்கூடும். இந்த வட்டாரத்துப் பெண்கள் 1924 முதல் பிரசவத்துக்குப் போய்ப் பழகியது கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி. 1966இல் ஒரே வருஷத்தில் அங்கே 39,000க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்து உலகச் சாதனையாயிற்று. பிள்ளை பெறுவதற்கு வெட்கப்படாதவர்கள், பெற்ற பிள்ளையோடு வாழ்வதற்கு வெட்கப்படலாமா?

மூன்றாவது, பயம். "மறுபடி வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டால்?" என்கிறீர்கள். கூப்பிட்டால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இன்னொரு படம் எடுத்துப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். அப்படிப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இருப்பதில்லை. இருந்தாலும் அரும்பிலேயே கண்டுபிடித்தால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்து வருஷத்தைத் தாண்டி வாழ்கிறார்கள். பரவிய பிறகு கண்டால் அந்தக் கணக்கு மிகவும் கீழே இறங்கிவிடுகிறது.

நாலாவது, பணமும் நேரமும். ஒரு பேர் போனால் வீட்டில் என்ன கஷ்டமென்று கிராணிக்குத் தெரியாதா? சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவர்களுக்கு 2023இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பேர் பதிந்தால் கருப்பை வாய்ப் பரிசோதனைக்குக் கட்டணமில்லை. மார்பக எக்ஸ்ரேக்கு மானியம் உண்டு. 50 வயதுக்காரர்கள் மெடிசேவ் கணக்கிலிருந்தும் கட்டலாம். மற்றவர்கள் பலதுறை மருந்தகத்திலும், 1964இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்திலும் தங்களுக்கு என்ன சலுகை என்று முன்கூட்டிக் கேட்டுக் கொள்ளுங்கள்.

பாலத்துக்கு அப்பால் உள்ள நம் தோட்டத்துச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. சொக்சோ 2013இல், நாற்பது வயதை எட்டிய சந்தாதாரர்களுக்கு இலவசப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. பெண்களுக்கு மாமோகிராமும் பேப் பரிசோதனையும் அதில் சேர்ந்திருந்தன. வந்த கடிதத்தைப் பலர் பெட்டியில் பூட்டி வைத்ததை நான் கண்ணால் கண்டவன். 2018இல் மலாயாப் பல்கலைக்கழகத்தார் முயற்சியில் ரோஸ் என்ற திட்டம் வந்தது. அதில் பெண் தனியறையில் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், முடிவு கைப்பேசிக்கு வரும். வெட்கத்தைச் சாக்குச் சொல்ல இனி இடமில்லை.

ஆண் தோழர்களே, உங்களிடமும் கேட்கவேண்டியது உண்டு. மனைவி பரிசோதனைக்குப் போகிற அன்று சோறு யார் ஆக்குவது என்ற கேள்வி வீட்டில் எழக்கூடாது. நீங்கள் ஆக்குங்கள். 50 வயதாகிவிட்டால், ஆணானாலும் பெண்ணானாலும், குடல் புற்றுநோய்க்காக வருஷம் ஒருமுறை மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் செய்தால் அவர்களும் செய்வார்கள்.

முடிவாக மூன்று காரியம் செய்வோம். ஒன்று, ஒவ்வொருவரும் ஒரு துணையைத் தேர்ந்து கொள்ளுங்கள். அடுத்த வீட்டு அக்காவோ, நாத்தனாரோ, கூட வேலை செய்பவரோ, இருவரும் சேர்ந்தே போய் வாருங்கள். இரண்டு, ஒன்றுமில்லை என்று கடிதம் வந்த அன்றே அடுத்த தவணை மாதத்தைச் சுவர் நாட்காட்டியின் கடைசித் தாளில் எழுதி, வருஷந்தோறும் புது நாட்காட்டிக்கு மாற்றுங்கள். மூன்று, பரிசோதனைக்குப் போகும் அரைநாளுக்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது என்று நிர்வாகத்தைக் கேட்பதைச் சங்கக் கிளைகள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கவேண்டும். இதை நான் எங்கள் கிளைக் கூட்டத்தில் எழுத்து மூலமாகவே கொண்டுவருகிறேன்.

என் தாயாருக்கு இப்போது 61 வயது. பெரியம்மா காரியத்துக்குப் பிறகு அவர் இரண்டு முறை போய் வந்துவிட்டார். மூன்றாவது தவணை அடுத்த தைப்பூசத்துக்குப் பிறகு வருகிறது. அந்தத் தேதியை என் சட்டைப் பையிலுள்ள குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் தாயாரின் தேதி உங்களுக்குத் தெரியுமா? இன்றிரவு வீட்டுக்குப் போனதும் முதலில் அதைக் கேளுங்கள்.