ஒத்துக்கொள்ளாத தானியம்



எனக்கு மக்காச்சோளம் ஒத்துக்கொள்ளாது. இதைக் கேட்டவர்கள் பெரும்பாலும் சொல்லும் விடை ஒன்றுதான்: "அதைத் தின்னாமல் இருந்துவிட்டால் போயிற்று, இதில் என்ன கஷ்டம்?" நியாயமான கேள்விதான். மக்காச்சோளம் நம் சமையலில் பழமையான பொருளும் அன்று. மெக்சிகோ நாட்டில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், காட்டுப் புல் ஒன்றிலிருந்து மக்கள் பயிராக்கிய தானியம் அது. கொலம்பஸ் 1492-இல் அமெரிக்கக் கரையை அடைந்த பிறகே அது நம் பக்கத்துக் கண்டங்களுக்குப் பரவியது. நம் பாட்டிமார் இட்லியும் களியும் கூழும் அதன் துணையின்றியே சமைத்தார்கள். ஆகையால், கடற்கரையில் சுட்டு விற்கும் கதிரையும், தாம்பரத்துத் தெருவோரத்தில் வெண்ணெய் தடவிக் கிண்ணத்தில் கொடுக்கும் மணிகளையும் விலக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணத் தோன்றும். வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஒத்துக்கொள்ளாமை பல வகைப்படும். பலாப்பழம் தின்று வயிறு மந்தமானாலும் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோம். நான் கூறுவது அதுவன்று. உடலின் காவற்படை, தீங்கற்ற உணவு ஒன்றைப் பகையென்று மயங்கி அதன்மேல் போர் தொடுக்கும் நிலை இது. 'அலர்ஜி' என்று இதற்கு 1906-இல் பெயரிட்டவர் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. அறுபது ஆண்டுகள் கழித்து, இஷிசாகா என்னும் ஜப்பானியத் தம்பதியர் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆராய்ந்து, இப்போரை மூட்டிவிடும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளைக் கண்டறிந்தனர். ஸ்வீடன் நாட்டு அறிஞர்களும் ஏறக்குறைய அதே சமயத்தில் தனித்து ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தனர்.

மக்காச்சோளத்தில் பலருக்குத் தொல்லை தருவது, கொழுப்புக் கடத்தும் புரதம் என்று வழங்கும் சிறு புரதம். அது கொதிநீரில் எளிதில் கெடுவதில்லை. வயிற்றிலுள்ள அமிலத்துக்கும் அஞ்சுவதில்லை. "நன்றாக வேகவைத்திருக்கிறோம் அம்மா, பயப்படாமல் சாப்பிடுங்கள்" என்று அன்போடு சொல்பவரின் சொல்லை நான் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுவே. பாலும் வேர்க்கடலையும் போலப் பலரை வருத்தும் ஒவ்வாமை அன்று இது. அரிதானது. அரிதாக இருப்பதால் எவரும் இதை எதிர்பார்ப்பதில்லை.

எனக்கு இது முப்பது வயதுக்கு மேல் வந்தது. குரோம்பேட்டையில் ஒரு திருமண வரவேற்பு. பந்திக்கு முன் தக்காளி சூப் கொடுத்தார்கள். பத்து நிமிடத்துக்குள் உள்ளங்கை அரித்தது, உதடு தடித்தது, பிறகு தொண்டையை யாரோ உள்ளிருந்து இறுக்குவது போல் மூச்சுத் திணறியது. உறவினர் ஒருவர் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார், பிழைத்தேன். தோலில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனையும் இரத்தச் சோதனையும் முடிந்து, தக்காளி குற்றமற்றது, சூப்பைக் கெட்டியாக்கிய வெள்ளை மாவே குற்றவாளி என்று தெரியச் சில வாரங்கள் ஆயின. நான் குடியிருப்பது தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு அருகில். டாக்டர் சௌரிமுத்து 1928-இல் காசநோயாளிகளுக்கென இங்கே நிறுவிய இல்லத்தால் வந்த பெயர் அது. நல்ல மூச்சுக்காக மக்கள் நாடி வந்த ஊரில் வாழ்ந்துகொண்டு, ஒரு கிண்ணம் சூப்பினால் மூச்சுக்குத் திண்டாடியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

அந்த வெள்ளை மாவு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். ஆலைகளில் மக்காச்சோளத்தைக் கந்தக வாயு கலந்த வெந்நீரில் ஒரு நாளுக்கு மேல் ஊறவைக்கிறார்கள். பிறகு முளை, உமி, புரதம், மாச்சத்து எனத் தனித்தனியே பிரிக்கிறார்கள். கடைசியில் கிடைக்கும் மாச்சத்தே நாம் கார்ன் ஃப்ளார் என்று வாங்குவது. புரதத்தை நீக்கிவிட்டார்களே என்று நீங்கள் கேட்கலாம். முழுவதும் நீங்குவதில்லை, நூறு கிராமில் ஏறத்தாழ மூன்றில் ஒரு கிராம் தங்கிவிடுகிறது. கடுமையான ஒவ்வாமை உள்ளவருக்கு அது போதும். அதே மாச்சத்தை மேலும் பக்குவப்படுத்தினால் குளுக்கோஸும், மால்டோடெக்ஸ்ட்ரினும், சார்பிட்டாலும் ஆகின்றன. இவற்றில் புரதம் அநேகமாக எஞ்சுவதில்லை. என் டாக்டர் எனக்குக் குளுக்கோஸை அனுமதித்திருக்கிறார். இன்னொருவருக்கு அனுமதிப்பாரா என்பதை அவரவருடைய டாக்டரே சொல்ல வேண்டும்.

சிற்றுண்டிக் கடைகளில் இம்மாவு நுழையாத இடம் குறைவு. கோபி மஞ்சூரியனின் மொறுமொறுப்பு, குழம்பின் பளபளப்பு, கஸ்டர்ட் பொடி, பேக்கிங் பவுடர் ஆகியவற்றில் இருப்பது இதுதான். அல்வாவில் கூட இரண்டு சாதி உண்டு. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலால் ஆனது. கண்ணாடி போல மின்னும் பம்பாய் அல்வா மக்காச்சோள மாவால் ஆனது. முன்னதை மட்டும் உண்ணும்படி விதிக்கப்பட்டதில் எனக்கு வருத்தம் சிறிதும் இல்லை.

பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்தால் தெரியாதா என்பீர்கள். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டில் வகுத்த அடையாளச்சீட்டு விதிகள், ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியே எடுத்துக் காட்டச் சொல்கின்றன. கோதுமை முதலிய குளூட்டன் தானியங்கள், பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற பருப்புகள், சோயா, சல்ஃபைட் ஆகியன அப்பட்டியலில் உள்ளன. மக்காச்சோளம் இல்லை. அமெரிக்கப் பட்டியலிலும் ஐரோப்பியப் பட்டியலிலும் கூட அது இல்லை. 'ஸ்டார்ச்' என்று பொதுவாக எழுதினாலே நம் விதிக்குப் போதும்; எந்தப் பயிரின் ஸ்டார்ச் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. எல்லாப் பொருளையும் பட்டியலில் சேர்த்தால் பட்டியலுக்கே மதிப்பில்லாமற் போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டார்ச் என்ற சொல்லுக்கு முன் பயிரின் பெயரையும் சேர்த்து அச்சிடுவதற்கு எவ்வளவு மை செலவாகும்?

நம் மொழியிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. சோளம் என்றால் நம் முன்னோர்க்கு வெள்ளைச் சோளமும் செஞ்சோளமுமே. இன்றோ மக்காச்சோளத்தையும் சுருக்கமாகச் சோளம் என்கிறோம். கடையில் 'சோள மாவு' என்று கேட்டால் ஒருவர் வெள்ளைச் சோள மாவைத் தருவார். மற்றொருவர் கார்ன் ஃப்ளாரைத் தருவார். போதாக்குறைக்கு, இரண்டும் புல்லினத்தில் நெருங்கிய உறவினர். ஒன்று ஆகாதவர்க்கு மற்றொன்றும் ஆகாமற் போகலாம் என்பதால், இரண்டையும் வீட்டில் சேர்ப்பதை விட்டுவிட்டேன். கேழ்வரகும் கம்பும் சோதித்துப் பார்த்த பின் எனக்குத் தடையில்லை.

மாவு அரைக்கும் மில்லைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைத்தெருவில் நல்ல அரிசி கிடைக்கும். வாங்கிக் கழுவி உலர்த்தி மில்லுக்குக் கொண்டு போவேன். எனக்கு முன் ஒருவர் சத்துமாவு அரைத்திருப்பார். சத்துமாவில் மக்காச்சோளம் சேர்ப்பது இப்போது வழக்கம். இயந்திரத்தின் வாயில் ஒட்டியிருப்பது என் மாவில் இறங்கிவிடும். மில்காரப் பெரியவரிடம் விஷயத்தை விளக்கினேன். அவர் சற்று யோசித்து, "காலையில கடை திறந்ததும் வந்துடும்மா. ராத்திரியே கழட்டித் துடைச்சு வெச்சிடறேன்" என்றார். சொன்னபடியே செய்தும் வருகிறார். முதலில் ஒரு படி அரிசி ஓட்டி அதை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்து வருவதையே நான் வைத்துக்கொள்கிறேன்.

அடுப்படியில் மட்டும் எனக்குக் குறையே இல்லை. கெட்டியாக்குவதற்கு நம் சமையலில் எத்தனை வழிகள்! மோர்க்குழம்புக்கு ஊறவைத்த துவரம்பருப்பும் பச்சரிசியும் தேங்காயும்; குருமாவுக்குப் பொட்டுக்கடலையும் கசகசாவும்; கூட்டுக்கு வெந்த பருப்பே போதும்; அவசரத்துக்கு ஒரு கரண்டி அரிசிமாவுக் கரைசல். காலிஃபிளவர் வறுவலுக்கு அரிசிமாவும் கடலைமாவும் சரிபாதியாகக் கலந்தால் மொறுமொறுப்பு மாலை வரை நிற்கும். ஜவ்வரிசியில்தான் எச்சரிக்கை வேண்டும். மரவள்ளிக் கிழங்கிலிருந்து சேலம் வட்டாரத்தில் செய்யப்படும் பொருள் அது. உற்பத்தியாளர்களின் கூட்டுறவு நிறுவனமான சேகோசர்வ் 1981 முதல் அங்கே நடந்து வருகிறது. மரவள்ளி மாவில் மக்காச்சோள மாவைக் கலக்கிறார்கள் என்று விவசாயிகளே பலமுறை முறையிட்டிருக்கின்றனர். அவர்களுக்கு அது விலை பற்றிய வழக்கு. எனக்கு மூச்சைப் பற்றியது.

கல்லூரியில் விஞ்ஞானம் பயில்பவர்கள் இதை நுண்ணோக்கியில் காணலாம். மக்காச்சோள மாச்சத்தின் மணிகள் பல கோணங்களுடன், நடுவில் புள்ளி வைத்தாற்போல் இருக்கும். அரிசியின் மணிகள் மிகச் சிறியவை. உருளைக்கிழங்கினுடையவை பெரியவை, முட்டை வடிவானவை. மரவள்ளியின் மணிகள் பலவும் ஒரு பக்கம் வெட்டிய முரசு போன்றவை. அயோடின் சொட்டினால் எல்லாமே நீலமாகிவிடும். அது இனத்தைக் காட்டாது. நுண்ணோக்கியில் காணவில்லை என்பதால் உண்ணலாம் என்றும் முடிவு கட்டக்கூடாது. நாம் பார்ப்பது மாச்சத்தை. தீங்கு செய்வது புரதம்.

மருந்திலும் இதே சங்கடம். மாத்திரை உதிராமல் நிற்கவும், வயிற்றில் போய்க் கரையவும் மாச்சத்து சேர்ப்பார்கள். பல மாத்திரைகளில் அது மக்காச்சோளத்தினுடையது. அட்டையில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். மாவின் பெயர் பெரும்பாலும் இராது. ஒவ்வாமையைத் தணிக்கும் மாத்திரையிலேயே அது இருப்பதும் உண்டு! தெரிந்த மருந்துக் கடைக்காரர் ஒருவர் எனக்காகக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறார்.

உங்கள் விடுதியில் இப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு மூச்சுத் திணறும் வேளையில் செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மோர் கொடுப்பதும் முதுகைத் தடவுவதும் உதவா. அவரை நடக்க விடாதீர்கள். படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். படுத்தால் மூச்சு முட்டுமானால் சாய்ந்து உட்காரட்டும். 108-ஐ அழையுங்கள். உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்புறத் தசையில் போடுவது. தானே குத்திக்கொள்ளும் கருவி நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை; ஆகவே டாக்டர் எழுதித் தந்து, போடும் முறையையும் கற்பித்திருந்தால் அவரே மருந்தும் ஊசியும் வைத்திருப்பார். என்னுடையவை ஒரு சிறு சிவப்புப் பையில் இருக்கின்றன. பை எங்கே இருக்கிறது என்பது என் வீட்டார்க்கும், எதிர்வீட்டு அம்மாளுக்கும், அவருடைய பத்து வயதுப் பேரனுக்கும் தெரியும்.