பூச்சுக்குள் மறையும் வேலை

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தாய்மார்களே, தீபாவளி லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்திருக்கும் தம்பிமாரே,

லயத்தை விட்டு 7 பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டுகிறோம். மேசனும் நம் பிள்ளை, கையாளும் நம் பிள்ளை. பெருமைதான். ஆனால் போன மழைக்குப் பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். சில சுவர்கள் வெடித்திருக்கின்றன. விரலால் சுரண்டினால் பூச்சு மணலாகக் கொட்டுகிறது.

"கொந்தராத்துக்காரர் அவசரப்படுத்தினார், சீமெந்தைக் குறைத்தார்" என்றார்கள் தம்பிமார். உண்மைதான். அதைச் சங்கம் கேட்கும். ஆனால் கரண்டி யார் கையில் இருந்தது?

இறுகத் தொடங்கிய சாந்தில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் பலம் போய்விடும். தூக்குக்குண்டு பிடிக்காமல் உயர்த்திய சுவர் சாயும். காய்ந்த சுவரை நனைக்காமல் பூசினால் பூச்சு பிடிக்காது. கொங்கிறீட்டைக் குறைந்தது 7 நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. பொறுப்புத்தான் வேண்டும்.

நம் அம்மாமாருக்கு இது தெரியும். கொழுந்தோடு முத்தல் இலை கலந்தால் மடுவத்தில் நிறுக்கும்போதே கழித்துவிடுவார்கள். மேசன் வேலையை நிறுக்கத் தராசு இல்லை. பூசி முடித்தால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது, மழைக்குத்தான் தெரியும். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குவது நம் தங்கச்சியின் பிள்ளை.

ஆசிரியர்களான எங்கள் மீதும் குற்றம் உண்டு. "படிக்காவிட்டால் மேசன் வேலைக்குத்தான் போவாய்" என்று வகுப்பில் ஏசினோம். அந்தத் தொழிலை மதிக்காதே என்று நாங்களே சொல்லிக் கொடுத்துவிட்டோம். இனி அப்படிச் சொல்ல மாட்டோம்.

இன்று மூன்று முடிவு எடுப்போம். பூசுவதற்கு முன் கமிட்டியிலிருந்து இருவர் வந்து சுவரைப் பார்க்கட்டும். கலவை குறைந்தால் தம்பிமார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லுங்கள். அன்றைய கூலிக்காகச் சங்கம் பேசும். மூன்றாவது, பல வருடம் வேலை செய்தும் இன்னும் கையாள் சம்பளமே வாங்குகிறவர்கள் பெயர் கொடுங்கள். செய்து பழகிய வேலையைச் செய்து காட்டியே என்.வி.கியூ. சான்றிதழ் பெற வழி இருக்கிறது. விண்ணப்பம் நிரப்ப நாங்கள் உதவுவோம்.

நல்ல கூலி கேட்பது நம் உரிமை. அதைத் தலை நிமிர்ந்து கேட்க வைப்பது நம் வேலையின் சுத்தம்.