தோழர்கள் கரைசேர்த்த புனிதர்

(வானொலி மறையுரை)



தேர்வு எழுதும் மாணவர்கள் தங்கள் பாதுகாவலராக வேண்டிக்கொள்ளும் புனிதர் ஒருவர் உண்டு. அவர் கூப்பர்த்தினோ நகர் புனித யோசேப்பு. 1603ஆம் ஆண்டு தென் இத்தாலியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். செப்டம்பர் 18 அவருடைய திருநாள். படிப்பு அவருக்கு எளிதில் வரவில்லை. குருப்பட்டத்துக்கு முன் ஆயர் நடத்திய தேர்வைப் பற்றி வழிவழியாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. ஆயர் முதலில் வந்த சிலரைக் கேள்வி கேட்டார். அவர்கள் மிக நன்றாகப் பதில் சொன்னார்கள். மற்றவர்களும் இப்படித்தான் படித்திருப்பார்கள் என்று எண்ணி, எஞ்சியோரைக் கேட்காமலே ஏற்றுக்கொண்டார். எஞ்சியோரில் யோசேப்பும் ஒருவர்.

இதை நாம் புதுமை என்கிறோம். புதுமைதான். ஆனால் அந்தப் புதுமை யார் கைகளின் வழியாக வந்தது? முன்வரிசையில் நின்ற தோழர்கள் ஒழுங்காகப் படித்திருந்தார்கள். அவர்களுடைய உழைப்பு இன்னொருவரைத் தாங்கியது.

இன்று நம் பிள்ளைகள் எழுதும் நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். உயிரியலில் 90, இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறானால் ஒன்று குறையும். அங்கே தோழன் சொல்லும் பதில் நமக்கு உதவாது. ஆனால் அந்த அறையின் வாசல்வரை ஒருவரை ஒருவர் தாங்கலாம் அல்லவா?

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பயிற்சி மையம் இருக்கிறது. ஒரே அறையில் சமையலும் தூக்கமும் தொலைக்காட்சியுமாக இருக்கும் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசு 2020இல் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தது. நல்ல செயல். ஆனால் நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிள்ளைகள் இதற்குள் வரமாட்டார்கள். அவர்களிலும் கூலித் தொழிலாளியின் மக்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தோள் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தாம்.

எப்படி? பங்கு மண்டபம் திருமண நாள்களைத் தவிர மற்ற மாலைகளில் பூட்டித்தானே கிடக்கிறது? மூன்று மணி நேரம் திறந்து வையுங்கள். ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, குடிக்கத் தண்ணீர் போதும். கல்லூரியில் படிக்கும் நம் இளையோர் வாரம் ஒரு மாலை வந்து பழைய வினாத்தாள் ஒன்றைப் பிள்ளைகளோடு போட்டுப் பார்க்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, உங்கள் இயற்பியல் இன்னும் ஓய்வுபெறவில்லை. கணினி தெரிந்தவர்கள் விண்ணப்பம் நிரப்ப உதவுங்கள். ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா, சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா, தமிழில் தேர்வு எழுத விரும்பும் பிள்ளை அதை விண்ணப்பத்திலேயே குறித்திருக்கிறதா என்று பாருங்கள். படிப்பில் தோற்காத பிள்ளை ஒரு காகிதத்தால் தோற்கக் கூடாது.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். தாலந்து உவமையை நினைத்துப் பாருங்கள். ஐந்தைப் பத்தாக்கியவருக்கும் இரண்டை நான்காக்கியவருக்கும் தலைவர் தந்த பாராட்டு ஒன்றே. இரண்டு தாலந்து பெற்றவரிடம் அவர் பத்தைக் கேட்கவில்லை. அச்சத்தால் புதைத்தவர் மட்டுமே வெறுங்கையோடு நின்றார். அப்படியிருக்க, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லி நம் பிள்ளையின் மனத்தில் அச்சத்தை நாமே விதைக்கலாமா? மருத்துவம் ஒன்றே வாழ்வு அல்ல. தமிழகத்தில் பொறியியல் கலந்தாய்வுக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதும். செவிலியர் படிப்பு, வேளாண்மை, சட்டம், ஆசிரியப் பணி என வழிகள் பல. முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மதிப்பெண்ணைக் கேட்கும் முன் சாப்பாடு போடுங்கள். மனம் உடைந்திருந்தால் 104 என்ற எண்ணை அழையுங்கள்; பேசுவதற்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

செபிப்போம். ஆண்டவரே, தேர்வுக்குச் செல்லும் எம் பிள்ளைகளுக்குத் தெளிந்த நினைவையும் அமைதியான உள்ளத்தையும் தாரும். அவர்களுக்கு முன்னே நடக்கும் நல்ல தோழர்களாக எங்களை ஆக்கும். ஆமென்.